கொடையாளரும் சமுதாயமும்: ரோசன்வால்டு பள்ளிகளின் வரலாறு

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக் குழுவினர் கேட்டபொழுது, நம் சங்கத்தின் வரலாற்றையே எழுதலாம் என்று முதலில் எண்ணினோம். ஆயின், அதனை நம்மினும் நன்கறிந்த மூத்த உறுப்பினர்கள் இம்மலரின் பிற பக்கங்களில் எழுதியுள்ளனர். எனவே, கடல் கடந்த நாடொன்றில், நம்மைப் போலவே கல்விக்கூடத்தின் வாயில் அடைக்கப்பெற்ற ஒரு மக்கள், பிறர் தந்த பொருளோடு தம் கைப்பொருளையும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பள்ளிகளை எழுப்பிய வரலாற்றை எடுத்துரைக்க விழைந்தோம்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் மாணவர் விடுதிக்குப் புதிய கட்டடம் கட்டித்தர ஓர் அறக்கட்டளை முன்வந்திருப்பதை உறுப்பினர்கள் அறிவர். நிலமும் கட்டடமும் அறக்கட்டளையின் பெயருக்கு எழுதித்தரப்பட வேண்டும் என்பதும், விடுதிக் காப்பாளரை அறக்கட்டளையே நியமிக்கும் என்பதும் அது விதிக்கும் நிபந்தனைகள். "கிடைப்பதை ஏன் விடவேண்டும்?" என்பார் ஒருசாரார். "பிடி அரிசி சேர்த்து வாங்கிய நிலத்தை எழுதிக் கொடுப்பதா?" என்பார் மற்றொருசாரார். இரு சாராரும் சங்கத்தின் நலம் நாடுவோரே. இத்தகைய கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எதிர்கொண்ட மக்கள் என்ன செய்தனர், அதனால் என்ன பெற்றனர், எதை இழந்தனர் என்பதை அறிந்துகொண்டு வாதிடுவது நன்றென்று தோன்றிற்று.

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. எனினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை வேறு வடிவங்களில் தொடர்ந்தது. நிலம் வெள்ளையரிடம், உழைப்பு கறுப்பரிடம். விளைந்த பருத்தியில் பாதியும் பழைய கடனுக்கு வட்டியும் போக, வாரக்குடியானவன் கையில் மிஞ்சுவது சொற்பமே. 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், "தனித்தனி ஆயினும் சமம்" என்ற பெயரால் இனப்பிரிவினைக்கு முத்திரையிட்டது. 1901இல் அலபாமா மாநிலம் இயற்றிய அரசியலமைப்பு, கறுப்பரின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. வாக்கில்லாதவனுக்குப் பள்ளி வாரியத்தில் குரல் ஏது? கறுப்பர் வரி செலுத்தினர். அவ்வரியின் பெரும்பகுதி வெள்ளையர் குழந்தைகளின் பள்ளிகளுக்கே சென்றது. கறுப்பர் குழந்தைகள் தேவாலயங்களிலும், கூரை ஒழுகும் மரக்குடில்களிலும், ஆண்டில் சில மாதங்களே பயின்றனர். பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

இந்நிலையில்தான் இருவர் சந்தித்தனர். ஒருவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாய்ப் பிறந்து, 1881இல் அலபாமாவின் டஸ்கீகி என்னும் ஊரில் கல்வி நிலையம் கண்டவர். மற்றவர் ஜூலியஸ் ரோசன்வால்டு. ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகனாக 1862இல் பிறந்து, அஞ்சல்வழி வாணிகத்தில் பெயர்பெற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவராய் உயர்ந்தவர். 1911இல் சிகாகோ நகரில் இருவரும் பழகத் தொடங்கினர். அதே ஆண்டில் ரோசன்வால்டு டஸ்கீகிக்கு நேரில் சென்று பார்த்தார். அடுத்த ஆண்டில் அந்நிலையத்தின் அறங்காவலருள் ஒருவரானார்.

1912இல் தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி, டஸ்கீகியைப் பின்பற்றி எழுந்த கல்வி நிலையங்களுக்கென 25,000 டாலரை ரோசன்வால்டு வாஷிங்டனிடம் ஒப்படைத்தார். அதனைப் பகிர்ந்தளித்த பின் 2,800 டாலர் எஞ்சியது. எஞ்சிய தொகையைக் கொண்டு டஸ்கீகியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆறு சிறு பள்ளிகளைக் கட்டிப் பார்க்கலாமா என வாஷிங்டன் எழுதிக் கேட்டார். ரோசன்வால்டு இசைந்தார். இம்மாபெரும் முயற்சி பிறந்தது ஒரு மீதித்தொகையில் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே மேலிடுகின்றது. எஞ்சிய பணத்தைத் திருப்பிக் கேட்காமலும், எதற்கெனத் தாமே முடிவு செய்யாமலும், களத்தில் நின்றவரின் யோசனைக்குச் செவிகொடுத்தாரே, அங்குதான் நம்பிக்கை வேர்விட்டது. அலபாமாவின் லோச்சபோக்கா என்னும் ஊரில் முதற்பள்ளி 1913இல் எழுந்தது.

கட்டடத்திற்கான மரமும் சட்டங்களும் தம் நிறுவனத்திலிருந்தே அனுப்பலாம் என்ற எண்ணமும் ரோசன்வால்டுக்கு இருந்தது. வாஷிங்டனோ, உள்ளூரில் மரம் வாங்கி, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு, ஊராரின் உழைப்பால் கட்டுவதே நன்று எனக் கருதினார். அவர் கருத்தே நின்றது. வணிகர் தம் வணிகத்தை விட்டுக்கொடுப்பது சிறு செயலன்று. முன்கூட்டிச் செய்து பெட்டியில் வந்திறங்கும் பள்ளியைக் காட்டிலும், தன் மரத்தைத் தானே இழைத்து நிறுத்திய பள்ளியின்மீதுதான் ஊருக்கு உரிமையுணர்வு பிறக்கும் என்பதை வாஷிங்டன் அறிந்திருந்தார்.

ஏற்பாட்டின் நடைமுறை இது: முழுச் செலவையும் ரோசன்வால்டு தரமாட்டார். ஊர் மக்கள் பணமாகவோ, நிலமாகவோ, மரமாகவோ, உழைப்பாகவோ தம் பங்கைத் திரட்டவேண்டும். மாவட்டப் பள்ளி வாரியமும் ஒரு பங்கு தந்து பள்ளியை ஏற்று நடத்தவேண்டும். அதன் பின்னரே ரோசன்வால்டின் பங்கு வரும். தொடக்க ஆண்டுகளில் இவ்வேலை முழுவதையும் நடத்தியவர்கள் டஸ்கீகியின் கறுப்பின ஊழியர்களே. கிளின்டன் கேலவே என்பார் கிராமங்கள்தோறும் சென்று மக்களைக் கூட்டினார். கறுப்பினக் கட்டடக் கலைஞரான ராபர்ட் டெய்லரும் அவருடைய டஸ்கீகித் தோழர்களும் பள்ளிகளுக்கான வரைபடங்களை உருவாக்கினர். அவை 1915இல் நூலாகவே வெளிவந்தன. மின்விளக்கு இல்லாத ஊர்கள் ஆதலின், பகலொளி வகுப்பறைக்குள் நிறைந்து விழுமாறு வரிசையான உயர்ந்த சாளரங்களை அமைக்கும் முறை இப்பள்ளிகளின் அடையாளமாயிற்று. இன்றும் அப்பழைய கட்டடங்களைப் படத்தில் காண்போர் முதலில் காண்பது அச்சாளரங்களையே.

1914இல் மேலும் 100 பள்ளிகளுக்கு 30,000 டாலர் தர ரோசன்வால்டு முன்வந்தார். 1915இல் வாஷிங்டன் மறைந்தார். 1917இல் சிகாகோவில் ரோசன்வால்டு நிதியம் முறைப்படி நிறுவப்பெற்றது.

ஊர் மக்கள் தம் பங்கை எவ்வாறு திரட்டினர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. பெண்கள் கோழியும் முட்டையும் விற்றனர். விருந்து சமைத்து விற்றனர். ஆடவர் காட்டில் மரம் வெட்டி இழுத்து வந்தனர். சிலர் தம் வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்றுப் பணம் தந்தனர். அத்துண்டு நிலத்தை "ரோசன்வால்டு பாத்தி" என்றே அழைத்தனர். அலபாமாவின் கிரீன் மாவட்டத்தில் போலிஜி என்னும் ஊரில் நடந்த கூட்டமொன்றைப் பற்றி ஒரு கள அலுவலர் எழுதிவைத்துள்ளார். அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் எழுந்து, அழுக்கேறிய பழம்பையொன்றை எடுத்து மேசைமீது கொட்டினார். செம்புக்காசும் நிக்கல் காசும் டாலருமாகக் குவிந்தது 38 டாலர். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள் அது. அவருக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பும் வயது கடந்துவிட்டது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகக் கொடுத்தார். நம் சங்கத்தின் பழைய வரவேட்டைப் புரட்டினால், எட்டணா, ஒரு ரூபாய் எனப் பெயர்களின் நேரே எழுதப்பட்டிருக்கும் வரிகளை இளைஞர்கள் காணலாம். அவ்வரிகளுக்கும் இம்முதியவரின் பைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

ஆயினும் உணர்ச்சி மேலீட்டால் கணக்கைப் பாராதிருத்தல் ஆகாது. 1932இல் பள்ளி கட்டும் திட்டம் முடிவுற்றபொழுது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்கூடங்களும் எழுந்திருந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் டாலர். இதில் ரோசன்வால்டின் பங்கு 43 இலட்சம்; நூற்றுக்குப் பதினைந்து. ஏழைக் கறுப்பின மக்கள் தந்தது 47 இலட்சம், நூற்றுக்குப் பதினேழு. வெள்ளையர் தனியாகத் தந்தது 12 இலட்சம். எஞ்சிய 1 கோடியே 81 இலட்சம் அரசின் வரிப்பணம். அவ்வரியிலும் கறுப்பரின் வியர்வை கலந்தே இருந்தது. பெருஞ்செல்வரைக் காட்டிலும் வாரக்குடிகள் மிகுதியாகக் கொடுத்தனர். பள்ளிகளுக்கு வழங்கும் பெயரோ ரோசன்வால்டின் பெயர். பள்ளிகளுக்குத் தம் பெயரைச் சூட்டுவதை அவர் விரும்பவில்லை என்பதையும் நேர்மைக்காகக் கூறவேண்டும்.

வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1988இல் வெளியிட்ட நூலில் இதனை "இரட்டை வரி" என்று குறித்தார். ஒருமுறை அரசுக்கு வரி செலுத்தினர். அவ்வரியால் கிடைக்கவேண்டிய பள்ளி கிடைக்காமையால், தம் பிள்ளைகளின் பள்ளிக்கென மறுமுறையும் செலுத்தினர். "பயனாளிகள் தம் பங்கைத் தரவேண்டும்" என்ற சொல் நம் காலத்திலும் ஓதப்படுகின்றது. அது சுயமரியாதையை வளர்க்கும் என்பது உண்மை. உரிமையாகக் கிடைக்கவேண்டியதற்கு ஏழையிடமே மீண்டும் விலை கேட்பதும் அதுவே. இரண்டும் ஒரே நாணயத்தில் பொறித்திருக்கின்றன. கொடையாளர் பங்கு கேட்கும்பொழுது, நாம் எப்பக்கத்தைப் பார்க்கின்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இனி, இவ்வரலாற்றில் பெரும்பாலார் விரைந்து கடந்துசெல்லும் பகுதிக்கு வருவோம். பள்ளிகள் பெருகின, டஸ்கீகியின் சிறு அலுவலகத்தால் கணக்கும் மேற்பார்வையும் முறையாக நடத்த இயலவில்லை. ரோசன்வால்டுக்கு ஐயம் எழுந்தது. நாஷ்வில் நகரின் பீபாடி கல்லூரியைச் சேர்ந்த பிளெட்சர் டிரெஸ்லர் என்ற கட்டட வல்லுநரை அனுப்பி ஆய்வு செய்தார். பல கட்டடங்கள் வரைபடத்தின்படி அமையவில்லை, வேலைத்தரம் குறைவு என அவர் அறிக்கை தந்தார். 1920இல் பள்ளிகள் திட்டத்தின் நிர்வாகம் டஸ்கீகியிலிருந்து நீக்கப்பட்டு நாஷ்வில் நகருக்கு மாற்றப்பட்டது. அதன் தலைவராக எஸ். எல். ஸ்மித் என்னும் வெள்ளையர் அமர்ந்தார். தொடக்கம் முதல் ஊரூராய் நடந்து இத்திட்டத்தை வளர்த்த கேலவேயின் பொறுப்பு முடிந்தது.

குறைகள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. நாஷ்வில் அலுவலகத்தின் புதிய வரைபடங்கள் சிறந்தவை. அவற்றால் கட்டடங்களின் தரம் உயர்ந்தது. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. கணக்கு எழுதத் தெரிந்த இருவரையும் கட்டட மேற்பார்வையாளர் சிலரையும் டஸ்கீகிக்கே தந்து அதன் கையை வலுப்படுத்தியிருக்கலாகாதா? குறை கண்டவிடத்துத் திருத்துவது ஒரு வழி. அதிகாரத்தையே எடுத்துக்கொள்வது மற்றொரு வழி. முன்னதற்குப் பொறுமை வேண்டும்; பின்னது எளிது. ரோசன்வால்டு போன்ற நல்லாரும் எளிய வழியையே தேர்ந்தார். கொடையாளரின் தனிப்பட்ட நற்குணத்தை மட்டும் நம்பி நின்ற ஏற்பாடு, அவர் மனம் மாறியவுடன் மாறிப்போயிற்று. டஸ்கீகியின் உரிமையைக் காக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

அடுத்தது பத்திரம். நிதியத்தின் விதிப்படி பள்ளி நிலமும் கட்டடமும் மாவட்டப் பள்ளி வாரியத்தின் பெயருக்கு எழுதப்படவேண்டும். இதற்கு நியாயமும் இருந்தது: பள்ளி அரசின் பொறுப்பாகவேண்டும், ஆசிரியர் ஊதியம் அரசே தரவேண்டும், என்றென்றும் தருமத்தை எதிர்பார்த்து நிற்கலாகாது என்பதே நோக்கம். அரசைப் பொறுப்பேற்கச் செய்தது ரோசன்வால்டு திட்டத்தின் பெருவெற்றி. வரிப்பணத்தின் பங்கே மேற்கண்ட கணக்கில் பெரியது என்பதைக் காண்க. ஆயின் அவ்வாரியங்களில் கறுப்பர் ஒருவரும் இல்லை. ஊரார் நிலம் கொடுத்து, மரம் கொடுத்து, பணம் கொடுத்துக் கட்டிய பள்ளி, ஊராருக்கு வாக்கில்லாத வாரியத்தின் உடைமையாயிற்று.

அதன் விளைவு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெரிந்தது. 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நீதியானது. அதற்கான வாதங்களுள் ஒன்று கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் தம்பதியர் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு. அவ்வாய்வுக்கு ரோசன்வால்டு நிதியத்தின் உதவித்தொகை துணைநின்றது என்பதும் வரலாற்றின் விந்தை. தீர்ப்பைத் தொடர்ந்த ஆண்டுகளில் கறுப்பர் பள்ளிகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. வாரியங்கள் கட்டடங்களை ஏலம்விட்டன; சில கிடங்குகளாயின; பல இடிந்தொழிந்தன. தம் தந்தையர் கட்டிய பள்ளியைத் தாமே விலைகொடுத்து மீட்ட பழைய மாணவர்களும் உளர். ஜார்ஜியா மாநிலத்தில் 1923இல் கட்டப்பெற்று 1955இல் மூடப்பட்ட நோபிள் ஹில் பள்ளி, பழைய மாணவர்களின் முயற்சியால் புதுப்பிக்கப்பெற்று 1989 முதல் நினைவு நிலையமாகத் திகழ்கின்றது. அப்படித் தப்பியவை சிலவே.

இவ்வளவும் கூறியபின் இளைஞர்கள், "அப்படியாயின் ரோசன்வால்டின் பணத்தை மறுத்திருக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். அல்ல என்றே நாம் விடைகூறுவோம். தென் மாநிலச் சிற்றூர்களில் பள்ளி செல்லும் வயதிலிருந்த கறுப்பினச் சிறுவர் சிறுமியருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இப்பள்ளிகளில் இடமிருந்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையேயிருந்த கல்வி இடைவெளி விரைந்து குறைந்ததற்கு இப்பள்ளிகள் முக்கியக் காரணம் எனப் பொருளியலறிஞர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. பின்னாளில் குடியுரிமைப் போராட்டத்தின் முன்னணியில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் அலபாமாவில் இத்தகைய பள்ளி ஒன்றில் பயின்றவரே. அந்த 38 டாலர் வீண்போகவில்லை.

ரோசன்வால்டிடம் நாம் போற்றும் மற்றொரு பண்பும் உண்டு. அறநிதி என்றென்றும் நிலைத்து, இறந்தவர் கை உயிரோடிருப்பவரை ஆளலாகாது என்று அவர் கருதினார். தாம் மறைந்து 25 ஆண்டுகளுக்குள் நிதியம் முழுவதும் செலவிடப்படவேண்டும் என விதித்தார். 1932 சனவரியில் அவர் மறைந்தார். 1948இல், கெடு முடியுமுன்னரே, நிதியம் தன் பணியை முடித்துக்கொண்டது. இடையில் கறுப்பின அறிஞருக்கும் கலைஞருக்கும் அது தனிப்பட்ட உதவித்தொகைகளை வழங்கியது. டூ பாய்ஸ், லாங்ஸ்டன் ஹியூஸ், மரியன் ஆண்டர்சன் முதலியோர் அவற்றைப் பெற்றனர். வாஷிங்டனின் கொள்கையை 1903 முதலே வெளிப்படையாகக் கண்டித்தவர் டூ பாய்ஸ். அவருக்கும் அந்நிதியம் கொடுத்தது. தன்னோடு உடன்படாதவனுக்கும் கொடுக்கும் கொடையே நம்பிக்கையின் உரைகல் என்போம்.

இந்த டூ பாய்சுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படி வேண்டுமெனக் கேட்டார். டூ பாய்சும் பரிவுடன் மறுமொழி எழுதினார். லோச்சபோக்காவில் முதற்பள்ளி எழுந்த அதே 1913இல்தான் அண்ணல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா மன்னர் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை தந்தார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றப் பரோடா சென்றவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். அலுவலக ஏவலரோ கோப்புகளை அவர் மேசைமீது தொலைவிலிருந்து எறிந்தனர். மன்னர் நல்லவர், கொடை பெரிது. ஆனால் கொடுத்தவர் நிபந்தனை எழுதினாரேயன்றி, அந்நிபந்தனையை நிறைவேற்றுவோன் எங்கே உறங்குவான் என்பதை எவரும் எழுதவில்லை. பெற்றவரும் உடனிருந்து எழுதிய ஒப்பந்தமாயின் அக்கேள்வி எழுந்திருக்கும்.

நம் விடுதிக் கட்டடத்திற்கு மீள்வோம். அறக்கட்டளையாரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. பேரவைக் கூட்டத்தில் நாம் எழுப்பவுள்ள கேள்விகள் இவை. நிலம் சங்கத்தின் பெயரிலேயே இருக்க, கட்டடத்திற்கு மட்டும் உதவ அவர்கள் இசைவார்களா? அதற்கு இயலாதெனின், விடுதி மூடப்படும் நாளில் நிலம் சங்கத்திற்கே திரும்பும் என்ற வாசகம் பத்திரத்தில் இடம்பெறுமா? காப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நம் சமுதாயப் பெற்றோர் எத்தனை பேர் அமர்வர்? கணக்கில் குறை காணப்பட்டால் அதனைத் திருத்திக்கொள்ள நமக்கு எவ்வளவு காலம் தரப்படும்? அவர்கள் நம் கணக்கைப் பார்ப்பதுபோல் நாமும் அவர்களுடைய ஆண்டறிக்கையைப் பார்க்கலாமா?

இவற்றைக் கேட்பதால் கொடையாளர் மனம் நோவார் எனச் சிலர் அஞ்சுகின்றனர். தம் சாமான்களையே வாங்கிக்கொள்ளாத வாஷிங்டனோடு ரோசன்வால்டு மனம் நோகவில்லை; அடுத்த ஆண்டே 100 பள்ளிகளுக்குப் பணம் அனுப்பினார். பத்திரத்தின் வரைவு சங்க அலுவலக நிலைப்பேழையில் உள்ளது. நாள்தோறும் மாலையில் செயலாளரிடம் கேட்டு வாங்கிப் படிக்கலாம். எழுத்தறியாத மூத்தோருக்கு இளைஞர்கள் உரக்கப் படித்துக் காட்டுமாறு வேண்டுகின்றோம். நிலத்திற்குப் பிடி அரிசி கொடுத்தவர்கள் அவர்களே.